மார்ச் மாதத்து விசுவாசம்

டிசம்பர் 31 இரவு அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடிப் பக்கம் எந்தச் சபைக்குப் போனாலும் உட்கார இடம் கிடைக்காது. வாடகை நாற்காலிகள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருக்கும். வருஷம் முழுக்கக் கண்ணில் படாதவர்கள்கூடப் புதுத்துணி உடுத்தி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். பன்னிரண்டு மணி அடித்ததும் கைகுலுக்கல், கேக், புது வருஷத்து வாக்குத்தத்த அட்டை. "இந்த வருஷம் ஆண்டவருக்கென்று ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று போதகர் சொல்லும்போது உயராத கை குறைவு.

அதே சபைக்கு மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து பாருங்கள். லெந்து என்கிற தவக்காலத்துக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற வரிசைகளில் மட்டும் ஆள் இருக்கும். பிள்ளைகளுக்குப் பரீட்சை, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வருஷக் கடைசிக் கணக்கு, ஓவர்டைம். கை தூக்கியவர்கள் பொய்யாகத் தூக்கவில்லை. அந்த இரவில் அவர்களுக்கு இருந்தது உண்மையான ஆசைதான். அந்த ஆசை இருந்த இடத்தில் மூன்றே மாதத்தில் வெறும் நாட்கள்தான் மிஞ்சியிருக்கின்றன.

திருமுல்லைவாயலில் குடியிருக்கிறேன். பல வருஷங்களாக ஞாயிறு பள்ளி ஆசிரியை. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதைப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் என்னிடமும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விசுவாசத்தில் நிலைத்திருப்பவர்கள் நம்மைவிட அதிகம் உணர்ச்சி உள்ளவர்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி இல்லை. உணர்ச்சி வற்றிய நாளில் என்ன செய்வது என்று அவர்கள் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

யாருக்கு அழைப்பு?

கிறிஸ்தவர்கள் பேச்சில் 'அழைப்பு' என்ற சொல் இரண்டு விதமாக வரும். கடவுள் எல்லாரையும் தம்மிடம் கூப்பிடுகிறார் என்பது ஒன்று. இன்னாரை இன்ன வேலைக்குக் கூப்பிடுகிறார் என்பது மற்றொன்று. கத்தோலிக்கர்கள் இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலும் இறையழைத்தல் என்கிறார்கள்: குருவாகவோ கன்னியராகவோ போவது. நம் பக்கத்துப் பெந்தெகொஸ்தே சபைகளில் 'முழுநேர ஊழியம்' என்பார்கள்.

மடத்துச் சுவருக்குள் இருக்கிறவருக்குத்தான் அழைப்பு என்ற எண்ணத்தை 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் உடைத்தார். உழுகிற குடியானவர், வீட்டு வேலை செய்யும் பெண், குழந்தையின் துணியை அலசுகிற தகப்பன் எல்லாருடைய வேலையும் கடவுள் கொடுத்த வேலைதான் என்று எழுதினார். என் கணவர் ஆவடி டாங்க் பேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "பீரங்கி வண்டி செய்யற இடத்துல என்னங்க அழைப்பு?" என்று சீண்டுவேன். "நான் பார்த்த அளவு சரியா இருந்தாத்தான் உள்ள உட்கார்றவன் வீட்டுக்குத் திரும்புவான்" என்பார். அதற்கு மேல் வாதாட என்னிடம் ஒன்றும் இருக்காது.

முழுநேரமாகப் போகிறவர்கள் விஷயத்தில் திருச்சபை எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்தால் ஒன்று புரியும். பூந்தமல்லியில் திரு இருதய குருத்துவக் கல்லூரி இருக்கிறது. குருவாக வேண்டும் என்ற ஆசையோடு வருகிற பையனிடம் கத்தோலிக்கத் திருச்சபை உடனே அங்கியைக் கொடுத்துவிடுவதில்லை. தத்துவம், இறையியல் இரண்டுக்கும் சேர்த்துக் குறைந்தது ஆறு ஆண்டுப் படிப்பு வேண்டும் என்கிறது அவர்களது திருச்சபைச் சட்டம். தொடக்கப் பயிற்சி, நடுவே பங்குகளில் தங்கிக் களப்பணி, கடைசியில் திருத்தொண்டர் நிலை என்று சேர்த்தால் ஏறக்குறைய பத்து ஆண்டு ஓடிவிடும். தென்னிந்தியத் திருச்சபையிலும் இறையியல் பட்டம், அதன் பிறகு பயிற்சிக் காலம், டீக்கன், அப்புறம்தான் ஆயர்.

ஏன் இவ்வளவு காத்திருப்பு? பாடத்திட்டம் பெரிது என்பது பாதிக் காரணம். ஒருவருக்கு வந்த அழைப்பு உண்மையா என்று அவர் ஒருவரே தீர்மானிக்க முடியாது என்பது மீதிப் பாதி. ஆரம்பத்துச் சிலிர்ப்பு அடங்கிய பிறகும், மழைக்காலத்திலும் வெயில் காலத்திலும், பிடிக்காத ஆளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்த பிறகும் அந்த ஆசை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நடுவில் "இது எனக்கு இல்லை" என்று வெளியே வருகிறவர்களும் உண்டு. ஊரில் அவர்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அது தப்பு. அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பதற்காகத்தான் அத்தனை ஆண்டுகளை ஒதுக்கியிருக்கிறார்கள்.

பகல் பத்து மணிச் சோர்வு

மார்ச் மாதத்துச் சோர்வு நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் தனித்தனிக் குடில்களில் துறவிகள் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எவாக்ரியஸ். கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில் பேர் பெற்ற சபைப் பணியாளராக இருந்துவிட்டுப் பாலைவனத்துக்கு வந்தவர். துறவியைத் தாக்கும் தீய எண்ணங்களை அவர் பட்டியல் போட்டார். அதில் மிகக் கொடியது ஆசையோ கோபமோ இல்லை, சோர்வு என்றார்.

அது காலை பத்து மணிக்கு வரும், பிற்பகல் இரண்டு வரை விடாது என்று நேரம்கூடக் குறித்திருக்கிறார். வெயில் நகராமல் நின்றுவிட்டதுபோல் தோன்றும். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று வெளியே எட்டிப் பார்க்கச் சொல்லும். யாராவது பேச்சுத் துணைக்கு வருகிறார்களா என்று தேடச் சொல்லும். பிறகு செய்கிற வேலையில் வெறுப்பு வரும். கூட இருக்கிறவர்களுக்கு நம்மீது அன்பே இல்லை என்று படும். வேறு இடத்துக்குப் போனால் நன்றாகச் செய்யலாம், கடவுளை எங்கிருந்தும் வழிபடலாமே என்று மனம் நியாயம் பேசும். வீட்டு ஞாபகம் வரும். இன்னும் எத்தனை வருஷம் இப்படியே என்ற மலைப்பு வரும்.

எஸ்டேட்டில் செகண்ட் ஷிப்டு பார்க்கிற எவரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள், சிரிப்பார்கள். மனம் போடுகிற வழக்கு பதினாறு நூற்றாண்டுகளாக மாறவே இல்லை: 'இந்தச் சபை சரியில்லை, இந்தப் போதகர் சரியில்லை, வேறு எங்காவது போனால் எனக்குள் அனல் மூளும்.' எங்கள் வட்டாரத்தில் ஒரே குடும்பம் சில வருஷங்களுக்குள் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து பட்டாபிராம் வரை வரிசையாகச் சபை மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

எவாக்ரியஸ் சொன்ன மருந்து எளியது. அந்த நேரத்தில் முடிவு எதுவும் எடுக்காதே. குடிலை விட்டு வெளியேறாதே. கையிலிருக்கிற வேலைக்கு ஓர் அளவு வைத்துக்கொண்டு அதை முடி. சோர்வு போனபின் வருகிற அமைதி உனக்கே தெரியும்.

பூந்தமல்லி சாலையில் மேற்கே

எங்கள் ஊர்களுக்கு மேற்கே போகிற பாதைகள் இரண்டு. ஒன்று, ஆவடி, அரக்கோணம் வழியாகக் காட்பாடி போகிற தண்டவாளம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது இந்த வழியில்தான். இன்னொன்று, பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர், ராணிப்பேட்டை வழியாக வேலூர் போகிற நெடுஞ்சாலை. ஞாயிறு பள்ளியில் விடாமுயற்சிக்கு உதாரணம் கேட்டால் ஆப்பிரிக்காவுக்கும் சீனாவுக்கும் போய்விடுகிறோம். எனக்குத் தெரிந்த நல்ல உதாரணங்கள் இந்தச் சாலையிலேயே இருக்கின்றன.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க மருத்துவ மிஷனரிக் குடும்பம். தாத்தா 1819லேயே இலங்கைக்கு வந்துவிட்டவர். சிறுவயதில் 1876–78 பஞ்சத்தின் கொடுமையைப் பார்த்த ஐடாவுக்கு இந்த நாடே வேண்டாம் என்றிருந்தது. அமெரிக்காவில் படித்து அங்கேயே வசதியாக வாழ வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. 1890இல் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

அங்கே ஓர் இரவு நடந்ததுதான் பிரசங்கங்களில் அடிக்கடி வருகிற கதை. அடுத்தடுத்து மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துப்போக அவர்கள் சம்மதிக்கவில்லை, ஐடாவைக் கூப்பிட்டார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அவர் டாக்டராவது என்று முடிவெடுத்தார்.

பிரசங்கியார் அனேகமாக இந்த இடத்தில் நிறுத்தி, "நீ போவாயா?" என்று கேட்டுவிடுவார். எனக்கு ஆர்வம் அதற்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளில்தான். அந்த இரவுக்கும் அவர் டாக்டராகத் திரும்பி வந்ததற்கும் நடுவில் ஏறக்குறைய பத்து வருஷம் ஓடியது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் மருத்துவப் பட்டம் வாங்கி, 1900இல் வேலூருக்கு வந்தார். கூடவே இருந்து கற்றுக்கொடுப்பார் என்று நம்பியிருந்த தந்தை அதே ஆண்டில் இறந்துவிட்டார். வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் ஒரே ஒரு படுக்கை போட்டு ஆஸ்பத்திரி தொடங்கினார். ஆரம்பத்தில் நோயாளிகள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கவில்லை. இந்த வெள்ளைக்காரப் பெண்ணை நம்பலாமா என்று ஊர் யோசித்தது.

1902இல் ஆஸ்பத்திரிக் கட்டடம் எழுந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்க்கும் வழக்கம் வந்தது. ஒரு டாக்டர் போதாது, பெண் டாக்டர்களையே உருவாக்க வேண்டும் என்று 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கினார். இருபது வருஷம் கழித்து அரசாங்கம் விதியை மாற்றியது. பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாக உயராவிட்டால் பள்ளியை மூடவேண்டியதுதான் என்ற நிலை. அதற்குப் பேராசிரியர்கள் வேண்டும், படுக்கைகள் வேண்டும், பெரும் பணம் வேண்டும். 1941இல் எழுபது வயது ஐடா அமெரிக்காவுக்குக் கப்பலேறி, ஊர் ஊராகப் போய்ப் பணம் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். இன்றைக்கு நம் வீட்டில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் "வேலூருக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்று கேட்கிறோமே, அந்த சி.எம்.சி. இதுதான்.

ஓர் இரவில் வந்த அழைப்பு அந்த இரவின் ஞாபகத்தை மட்டும் வைத்துக்கொண்டு 1941 வரை ஓடியிருக்காது. நடுவில் அது கட்டட வரைபடமாக, நர்சுகளுக்கான வகுப்பாக, நன்கொடை கேட்டு எழுதிய கடிதமாக மாறிக்கொண்டே இருந்தது. அவற்றில் பல அலுப்பான வேலைகளாகத்தான் இருந்திருக்கும்.

நாற்காலியில் உட்கார்ந்து செய்த அறுவை

"நான் கேட்ட கதவு மூடிவிட்டது. அப்படியானால் அழைப்பே பொய்யா?" என்று கேட்பவர்களுக்கு அதே வேலூரிலிருந்து டாக்டர் மேரி வர்கீஸின் கதையைச் சொல்வேன். 1925இல் கேரளத்தில் பிறந்தவர். சி.எம்.சி.யில் படித்து, பிரசவ மருத்துவத்தில் தேர்ச்சி பெற நினைத்தார். 1954 ஜனவரியில் சக டாக்டர்களோடு போன வண்டி விபத்துக்குள்ளானது. முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. நின்றுகொண்டு பிரசவம் பார்க்கும் டாக்டராவது அன்றோடு முடிந்தது.

அங்கே டாக்டர் பால் பிராண்ட் இருந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களை அறுவை செய்து நிமிர்த்துவதில் உலகத்துக்கே முன்னோடி. கையில் அறுவை செய்ய நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம் என்று அவர் மேரிக்கு வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அறுவை செய்யக் கற்றுக்கொண்டார். அந்த அறுவையில் நடப்பது இதுதான்: தொழுநோயால் சில நரம்புகள் செத்து, அவை இயக்கிய தசைகள் செயலிழக்கும். நல்ல நிலையில் இருக்கிற வேறொரு தசையின் தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலோடு பொருத்துவார்கள். இதுவரை வேறு வேலை செய்துவந்த தசை இனிமேல் விரலை நிமிர்த்த வேண்டும். கட்டுப் பிரித்த அன்றே அது நடக்காது. எந்தத் தசையை இழுத்தால் எந்த விரல் அசைகிறது என்று நோயாளி வாரக்கணக்கில் பயிற்சி எடுத்துப் பழக வேண்டும். இந்த அறுவையைச் செய்த டாக்டரும் அதே மாதிரியான பயிற்சியில்தான் இருந்தார்.

பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து, இந்தியாவில் அந்தத் துறைக்கு முன்னோடியானார். வேலூரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம் 1966இல் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ. விபத்துக்குள் கடவுள் இதை ஒளித்து வைத்திருந்தார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அடிபட்டவர்களின் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் மேரியின் அழைப்பு ஒரு குறிப்பிட்ட வேலையோடு ஒட்டிப்பிறந்ததாக இருக்கவில்லை என்பது தெரிகிறது. வேலை போனது, அழைப்பு வேறு வேலையைத் தேடிக்கொண்டது.

இரண்டு பேர்

காட்பாடியைத் தாண்டி ஜோலார்பேட்டை, அங்கிருந்து திருப்பத்தூர். 1921இல் அங்கே இரண்டு டாக்டர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரரான ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். வெள்ளைக்கார மிஷனரி பங்களாவில், நம் ஊர்க்காரர் அவருக்குக் கீழே என்ற அந்தக் காலத்து முறையை விட்டுவிட்டு, கதர் உடுத்தி, தரையில் உட்கார்ந்து, ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிட்டு வாழ்ந்தார்கள். கிராமத்தாருக்கு மருத்துவம் பார்த்தார்கள். திராவிடக் கட்டடக்கலைப் பாணியில் ஜெபாலயம் கட்டினார்கள். ஊரார் ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். 1932இல் மதராஸில் சுதேசி மறியல் நடந்த நாட்களில் கதர் உடுத்திய இந்த ஸ்காட்லாந்துக்காரரைப் போலீஸ் அடித்த சம்பவம் பெரிய பேச்சானது.

அவர்கள் நெடுங்காலம் அந்த வேலையில் இருந்தார்கள். சேர்ந்து இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக எடுத்த தீர்மானத்தைத் தனியாகவே கைவிட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. காலையில் ஜெபத்துக்கு வரவில்லை என்றால் ஏன் என்று கேட்க ஓர் அண்ணன் இருந்தால் கதை வேறு.

எங்கள் தெருவின் நோட்டு

எங்கள் தெருப் பெண்கள் ஜெபக்குழுவும் அப்படி ஓர் ஏற்பாடுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வீட்டுக் கூட்டங்கள் நின்றபோது போன் கான்பரன்சுக்கு மாறினோம். விடியற்காலை ஜெபம். மியூட் போடத் தெரியாத அக்கா வீட்டுக் குக்கர் விசில் நடுவில் கேட்கும். ஊரடங்கு முடிந்தும் அந்த விடியற்கால அழைப்பை நாங்கள் விடவில்லை. இன்ன மணிக்கு என்று ஏற்பட்டுவிட்டதால், 'இன்றைக்கு ஜெபிக்கத் தோன்றுகிறதா?' என்ற கேள்விக்கே இடமில்லாமல் போய்விட்டது.

விண்ணப்பங்களை எழுத லாங் சைஸ் நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு மூன்று கட்டம்: தேதி, விண்ணப்பம், பதில். 'மகனுக்கு வேலை', 'மருமகளுக்கு ஸ்கேன் நல்லபடி', 'கம்பெனி மூடுகிறார்களாம்', 'அவர் குடியை விடணும்.' மூன்றாவது கட்டத்தில் எழுத்து அங்கங்கேதான் இருக்கும். வெற்றுக் கட்டம் அதிகம். பதில் வராததை நாங்கள் அடிப்பதில்லை. புது நோட்டு வாங்கும்போது அடுத்த பக்கத்துக்கு எடுத்து எழுதிக்கொள்கிறோம்.

வெற்றுக் கட்டத்தை நினைக்கும்போதெல்லாம் அன்னை தெரசா ஞாபகத்துக்கு வருவார். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகிற ரயிலில் அவருக்கு ஏழைகளிடம் போகும்படி அழைப்பு வந்தது. அந்த வேலையைத் தொடங்கிய பிறகு கடவுள் அருகில் இருக்கிற உணர்வே அவரை விட்டுப் போய்விட்டது. தம் ஆன்ம குருக்களுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 2007இல் வெளியானபோது உலகமே திகைத்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுக் காலம் அவர் உள்ளே இருட்டு. வெளியே கல்கத்தாவின் சாகக் கிடக்கிறவர்களுக்குக் கஞ்சி ஊட்டும் வேலை ஒருநாளும் நிற்கவில்லை. இதனால் அவர் விசுவாசம் போலி என்று சிலர் எழுதினார்கள். எனக்கோ அதற்குப் பிறகுதான் அவர்மேல் மரியாதை அதிகமானது.

கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி, என்னிடம் ஞாயிறு பள்ளி படித்தவள், ஒரு மார்ச் மாதம் வந்து கேட்டாள். "ஆன்ட்டி, கேம்ப்ல கை தூக்கினப்போ உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. இப்போ பைபிளைத் தொறந்தா தூக்கம்தான் வருது. அழைப்பு போயிடுச்சா?"

"வியாழக்கிழமை சாயந்திரம் ப்ரீயா? அண்ணனூர்ல ஒரு பாட்டி படுக்கையில இருக்காங்க. நகம் வெட்டி விடணும், எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை" என்றேன்.

வந்தாள். வயதானவர்களின் கால்நகம் சிப்பி மாதிரித் தடித்திருக்கும், அப்படியே வெட்டினால் தெறிக்கும், சதையோடு பெயரும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்ட வேண்டும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக வெட்டினாள். பாட்டி பரலோகத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "உனக்கு எப்பம்மா கல்யாணம்?" என்றுதான் கேட்டார். கிளம்பும்போது ஒரு சின்ன ஜெபம் செய்தோம். அடுத்த வாரமும் வந்தாள். பிறகு இன்டர்னல் பரீட்சை என்று காணாமல் போனாள். பரீட்சை முடிந்து திரும்ப வந்தாள். பைபிள் திறந்தால் இன்னமும் தூக்கம் வருகிறதா என்று நான் கேட்கவில்லை.

எதைத் தாங்கக் கூடாது

விடாமல் நிலைத்திருப்பது நல்லது என்று சொன்னதும் அதைத் தப்பாக எடுத்து ஆட்களின் தலையில் கட்டுகிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடிக்கிற புருஷனிடம் "பொறுமையாக இரு, ஜெபி, ஒருநாள் மனம் திரும்புவான்" என்று பெண்ணைத் திருப்பி அனுப்புவது விசுவாசம் ஆகாது. அவள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்வது அவிசுவாசமும் ஆகாது. ஜெபித்தாயிற்று என்று சர்க்கரை மாத்திரையையும் காசநோய் மாத்திரையையும் நிறுத்துவதும் விசுவாசம் ஆகாது. விசுவாசமும் மருந்தும் பகை என்றிருந்தால் ஐடா ஸ்கடர் வேலூரில் ஜெப வீடு மட்டும் கட்டியிருப்பார். கடன் வாங்கிக் காணிக்கை போட்டால் இரட்டிப்பாக வரும் என்று சொல்பவரின் பேச்சைக் கேட்டு வட்டி கட்டிக்கொண்டிருப்பதும் நிலைத்திருப்பது ஆகாது.

துறவியின் பகல் சோர்வு வேறு, மனச்சோர்வு நோய் வேறு. தூக்கம் போய், சாப்பாடு போய், வாழ்வதே வீண் என்று வாரக்கணக்கில் தோன்றினால் அதற்கு உபவாசக் கூட்டம் மட்டும் போதாது. டாக்டரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் அரசாங்கமே இலவசமாக மனநல ஆலோசனை தருகிறது. நம் சபை அறிவிப்புப் பலகையில் கூட்டங்களின் நேரத்தோடு இந்த எண்ணையும் எழுதிப் போட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

"எனக்கு ஆண்டவர் சொன்னார்" என்று ஒரே இரவில் வேலையை விட்டுவிட்டு, வாடகை கொடுக்க மனைவியின் வளையலை விற்கிற ஊழியக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். பூந்தமல்லியில் பத்து வருஷம் வைத்துச் சோதிக்கிறார்களே, அதில் பத்தில் ஒரு பங்கு பொறுமை இருந்தால் அந்த வளையல் தப்பியிருக்கும்.

செய்யக்கூடியது

இளையவர்கள் என்னிடம் கேட்டால் நான் சொல்வது கொஞ்சம்தான். ஒரு நேரத்தை வைத்துக்கொள். நீளமான நேரம் வேண்டாம், ரயிலில் திருமுல்லைவாயலில் ஏறிப் பட்டரவாக்கம் வந்து சேர்கிற நேரம் போதும், ஆனால் தினமும் அதே நேரமாக இருக்கட்டும். ஓர் ஆளை வைத்துக்கொள். நீ வராவிட்டால் போன் போடுகிற ஆளாக இருக்கட்டும். ஒரு சின்ன வேலையை வைத்துக்கொள். கையால் செய்கிற வேலை, அதைச் செய்யாவிட்டால் இன்னொருவர் சிரமப்படுகிற வேலை. அனலாக இருக்கிற நாளில் புதுத் தீர்மானங்களை அடுக்காதே, வறண்ட நாளில் பழையதைக் கைவிடாதே.

இந்த வழியிலேயே தொடர்வதா, மாற்றிக்கொள்வதா என்று உண்மையாகவே குழப்பம் வந்தால் இரவில் தனியாகப் படுக்கையில் கிடந்து முடிவு செய்ய வேண்டாம். உன்னை நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பேரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசு. அவர்களில் ஒருவராவது உன்னோடு சேர்ந்து வேலை செய்தவராக இருக்கட்டும். நீ சாட்சி சொல்லும்போது மட்டும் உன்னைப் பார்த்திருப்பவரின் யோசனை இதற்கு உதவாது.